இடது காலை நொண்டியபடி இறங்கவும்

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பி பெண்சாதி கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நான் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, மாத்திரையையும் விழுங்கிவிட்டு, இருக்கிறேன். அங்கே உங்கள் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மருமகள் மூன்றும் அடங்கி நடக்கும் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிடுகிறீர்கள். நான் ஒன்று கேட்டால் உங்கள் பேத்தி பதில் சொல்கிறாள். போன தடவை யாரோ ஒரு ஆண்குரல் எனக்கு ஆறுதல் சொன்னது, யார் என்று கேட்டால் கேபிள் சரிசெய்ய வந்தவர் என்றீர்கள். அதனால்தான் கடிதம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கொம்பும் காலும் இடம் மாறியிருந்தால் நீங்களே எடுத்து இடத்தில் வைத்துப் படித்துக்கொள்ளவும். தனியாகப் படிக்கவும்.

வருகிற வியாழக்கிழமை நீங்கள் வந்து பத்து நாள் என்னோடு இருக்கப்போவதாக மகன் சொன்னான். சந்தோஷம். வாருங்கள். ஒரே ஒரு காரியம். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இடது காலை நொண்டிக்கொண்டு இறங்கவும். வலது கால் இல்லை, இடது கால். நிறுத்தத்திலிருந்து எங்கள் மாடிப்படி வரைக்கும் நொண்டினால் போதும். உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் உங்கள் இஷ்டம்.

ஏன் என்று கேட்பீர்கள். பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே சலூன். உங்கள் தம்பி ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு போய் முடி வெட்டி, மீசைக்கு மை போட்டு, அரைநாள் பேப்பர் படித்துவிட்டு வருகிற அதே சலூன். நீங்கள் எல்லாரும் ஊருக்குக் கிளம்பிப் போன மறுவாரம் நான் பால் வாங்கப் போனேன். சலூன்காரர் வாசலில் நின்றுகொண்டு, என்னம்மா ஐயாவைக் காணோமே என்று கேட்டார். கேட்டார் என்றுதான் ஞாபகம். நான் வாயைத் திறந்தேன். வர வேண்டிய வார்த்தை வரவில்லை. அதற்குப் பதிலாக, அவர் அக்காவுக்கு இடது கால் உடைந்துவிட்டது, பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறார் என்று வந்தது. மன்னிக்கவும் அண்ணி. அந்த நேரத்தில் உங்கள் கால்தான் கைக்குக் கிடைத்தது. அடுத்த வாரம், ஐயா வந்துட்டாரா என்றார். மாவுக்கட்டைப் பிரித்துப் பார்த்ததில் எலும்பு கோணலாக ஒட்டியிருந்தது, மறுபடியும் உடைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்றேன். இப்படி நாலு மாதத்தில் உங்களை நான் படாத பாடு படுத்திவிட்டேன். உங்கள் வீட்டு மோட்டார் இரண்டு தடவை எரிந்துபோனது, உங்கள் தம்பிதான் உட்கார்ந்து செப்புக்கம்பி சுற்றினார். உங்கள் மருமகள் கோபித்துக்கொண்டு போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பினாள். இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொள்ளவும், கேட்டால் முழிக்கக் கூடாது. சலூன்காரருக்கு நடுவில் ஒரு சந்தேகம், அங்கேயே வேறு கடையில் முடி வெட்டிக்கொள்கிறாரோ என்று. முகம் வாடிப்போனது. அப்படியெல்லாம் இல்லை, வளர்க்கிறார் என்று சொல்லியிருக்கிறேன். ஆகையால் இப்போது உங்கள் தம்பிக்குத் தோள்வரை முடி.

தண்ணீர் மெஷின் சர்வீஸ் செய்கிறவரும் வந்தார். அட்டையில் வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும் என்றார். குளிக்கிறார் என்று சொல்லி, அட்டையைக் குளியலறைக் கதவுவரை எடுத்துப்போய், நானே அவர் கையெழுத்தைப் போட்டுக்கொண்டு வந்தேன். அவர் போடுகிறதைவிட நன்றாக வந்தது.

நான் பொய்க்காரி இல்லை அண்ணி, உங்களுக்கே தெரியும். அன்றைக்கு அவர் சமையலறை வாசலில் நின்று வெந்நீர் கேட்டார். நான் அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கித் திரும்புவதற்குள் தரையில் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரிதான் கத்தினாள். டாக்டர் வந்து அந்த வார்த்தையைச் சொன்னார், அதுவும் என்னிடம் இல்லை, எங்கள் மாடி லிப்ட் முன்னால் நின்றிருந்த யாரோ ஒருவரிடம். மகன் வந்து எல்லாருக்கும் போன் போட்டான். உங்களுக்குச் சொன்னதும் அவன். அவர் வேலை பார்த்த லிப்ட் கம்பெனிக்குச் சொன்னதும் அவன். வந்தவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஒரு ஆள்கூட என்னைச் சொல்லச் சொல்லவில்லை. அப்புறம் எல்லாரும் போனபிறகு, நானாகச் சொல்ல வேண்டிய இடம் வந்தபோது, பழக்கமில்லாத வாய், வரமாட்டேன் என்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

இப்போது நான் போய்வந்த அந்தச் சுற்றுலாவுக்கு வருகிறேன். போனது யாரால்? உங்களால். உங்கள் தம்பி முப்பத்தி இரண்டு வருஷம் லிப்ட் மெக்கானிக். காலை எழுந்தால் ஏதாவது ஒரு கட்டடத்தின் குழிக்குள் இறங்கி, மேலே தொங்குகிற பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்ற மனுஷன். அவருக்கு ஒரு லீவு கிடைத்தால் கடல், மலை என்று வெளிச்சத்தைப் பார்க்க ஆசை வர வேண்டாமா? பூமிக்கு அடியில் குகையைப் பார்க்கணும் என்பார். நான் சொல்வேன், நீங்க தினமும் பாக்கறது பத்தலையா. அவர் சொல்வார், அது மனுஷன் தோண்டின குழி, இது தானா உண்டான குழி, வித்தியாசம் இருக்குல்ல. வித்தியாசம் என்ன வித்தியாசம். இரண்டிலும் இருட்டு. ஆனாலும் போன வருஷமே இரண்டு இடம் பதிவு செய்து, சீட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் செருகி வைத்தார். இருபத்து மூன்று எனக்கு, இருபத்து நாலு அவருக்கு. நீங்கள்தான், பதிவு செய்தது வீணாகக் கூடாது, போய்ட்டு வா, மனசு மாறும் என்றீர்கள். சரி, இரண்டு இடமும் வீணாகவில்லை. மனசு மாறியதா என்பதைக் கீழே எழுதுகிறேன்.

பஸ் விடியற்காலை கிளம்பியது. சுற்றுலாவை நடத்தினவரை நாங்கள் குடைக்காரர் என்போம், அவருக்கு வேறு பெயர் இருந்தால் எனக்குத் தெரியாது. கூட்டம் தொலையாமல் இருக்க, மழை வெயில் பார்க்காமல் எப்போதும் ஒரு சிவப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டே நடப்பார். பஸ்ஸுக்குள்ளும் விரிப்பார், முன்சீட்டில் இருந்த அம்மாவின் கொண்டையில் கம்பி மாட்டிக்கொண்டது தனிக்கதை. நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, இருபத்து நாலில் என் பையை வைத்தேன். பின்னால் ஒரு முட்டிவலிக்காரர், காலை நீட்ட இடம் வேண்டும், அந்த சீட்டு காலிதானே என்று கேட்டார். ஆள் வருது என்று சொன்னேன். இதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம். குடைக்காரர் காகிதத்தில் பார்த்து, ரெண்டு பேரும் வந்தாச்சா என்றார். தலையை ஆட்டினேன். மூன்று நாளும் காலையில் ஆட்டினேன், மதியம் ஆட்டினேன். ஏரிக்குப் போனோம், படகு பழுது, கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தோம், அதற்கும் எனக்கு மிதவைச் சட்டை இரண்டு கொடுத்தார்கள். மலை விளிம்புக்குப் போனோம், ஒரே பனி, எதிரே பள்ளத்தாக்கு இருப்பதாக எழுதிய பலகையைப் பார்த்துவிட்டு வந்தோம். பழைய காலத்துப் பொருள் வைத்த ஒரு மாளிகைக்குப் போனோம், அதில் பார்த்ததெல்லாம் எங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கிறது. தங்கின இடத்தில் இரண்டு துண்டு, இரண்டு சோப்பு, இரண்டு தலையணை. சோப்பு இரண்டையும் எடுத்துக்கொண்டேன். தலையணையை எடுக்க முடியாதே, அதனால் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் படுத்தேன்.

இரண்டாம் நாள் சாப்பாட்டில் முட்டிவலிக்காரர், உங்க வீட்டுக்காரரை நான் இன்னும் சரியாப் பாக்கவே இல்லையே என்றார். கூச்ச சுபாவம் என்றேன். அதற்குள் எதிரே இருந்த கொண்டையம்மா, குடையில் மாட்டினார்களே அவர்கள்தான், நீங்க பாக்கலையா, நேத்து எம்பக்கத்துலதானே உக்காந்து சாப்பிட்டார், நல்ல உயரம், வழுக்கை, உப்பு கேட்டாரே என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது அண்ணி. உயரமாம், வழுக்கையாம். உங்கள் தம்பி உயரம் உங்களுக்குத் தெரியும், என் காதுவரைதான். முடியோ அறுபதிலும் சீப்பு உடைகிற முடி. உப்பு அவர் கேட்கவே மாட்டார், கூடத்தான் போடுகிறேன் என்று இருபத்தெட்டு வருஷமாகப் பேச்சு. ஆனால் மறுத்துச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். அன்றிலிருந்து பஸ்ஸில் எல்லாரும் அவரைப் பார்த்திருந்தார்கள். ஒருத்தர் அவரோடு அரசியல்கூடப் பேசியிருந்தார்.

மூன்றாம் நாள் குகை. ஒரு காலத்தில் கல் வெட்டுகிறவர்கள் இறங்கி வேலை செய்த இடமாம், அதனால் அவர்கள் காலத்து முறை ஒன்றை இன்னும் வைத்திருக்கிறார்கள். வாசலில் ஒரு பெரிய மரப்பலகை. அதில் வரிசையாக ஆணி. உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பித்தளை டோக்கன், நம்பர் போட்டது. போகும்போது அவரவர் டோக்கனை அவரவர் ஆணியில் மாட்ட வேண்டும், வெளியே வந்ததும் அவரவர் கையாலேயே எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். அடுத்தவர் டோக்கனைத் தொடக் கூடாது. பலகையில் டோக்கன் தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். இதற்கென்று ஒரு பலகைக்காரர், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நோட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். தலையை எண்ணினா தப்பு வரும், டோக்கனை எண்ணினா வராது என்று எங்கள் எல்லாருக்கும் சொன்னார். குடைக்காரர் லிஸ்டைக் கொடுக்க, நாற்பத்தோரு டோக்கன் வந்தது. என் கையில் இரண்டு. இருபத்து மூன்றை மாட்டினேன். இருபத்து நாலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசை தள்ளியது. பக்கத்து ஆணி காலியாக இருந்தது. மாட்டிவிட்டேன். அவர் இடம்தானே அது என்று தோன்றியது, வேறொன்றும் யோசிக்கவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு படி அண்ணி. லிப்ட் இல்லை. உங்கள் தம்பி இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார். கீழே போகப் போகக் குளிர், ஈரத்துணி வாடை, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அங்கேதான் குடைக்காரரின் குடைக்கு முதல் தடவையாக வேலை வந்தது. கல்லெல்லாம் மேலிருந்து தொங்குகிறது, கீழிருந்தும் முளைக்கிறது. விளக்கடித்துக் காட்டுகிற ஆள், இது யானை, இது குழந்தையை இடுப்பில் வைத்த அம்மா, இது சிங்காசனம் என்று சொல்லிக்கொண்டே போனார். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எனக்கு எல்லாம் உருகி வழிந்து ஆறிப்போன மெழுகுவர்த்தியாகத்தான் தெரிந்தது. நான் பாதி நேரம் காலடியைத்தான் பார்த்தேன், வழுக்குகிறது. குகை எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்லும். குடைக்காரர் ஒரு தும்மல் போட்டார், அது மூன்று தடவை திருப்பித் தும்மியது. நடுவில் பெரிய கூடம் மாதிரி ஓர் இடம். அங்கே நிற்கவைத்து, பூமிக்கு அடியில் இருட்டு எப்படி இருக்கும் என்று பாருங்கள் என்று எல்லா விளக்கையும் அணைத்துவிட்டார்கள். கண்ணைத் திறந்தாலும் ஒன்றுதான், மூடினாலும் ஒன்றுதான். நான் பக்கத்தில் கையை நீட்டினேன். வீட்டில் கரண்டு போனால் நீட்டுகிற பழக்கம். ஒரு கை கிடைத்தது. பிடித்துக்கொண்டேன், நன்றாக இறுக்கி. ஒரு நிமிஷம் அண்ணி, ஒரே நிமிஷம், நாலு மாதமும் நடக்கவே இல்லை. விளக்கைப் போட்டார்கள். முட்டிவலிக்காரர், விரல் மரத்துப்போச்சும்மா, விடுங்க என்றார். அந்தப் பக்கம் அவர் சம்சாரம் என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், அந்தப் பார்வையிலேயே மேலே இருநூறு படி ஏறிவிட்டேன்.

வெளியே வந்து ஒவ்வொருவராக டோக்கனை எடுத்துப் போட்டார்கள். நானும் என்னுடையதைப் போட்டுவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பலகையில் ஒன்று தொங்குகிறது. இருபத்து நாலு. பலகைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றிப் பார்த்தார், விசில் எடுத்து ஊதினார். கேட்டை இழுத்து மூடினார்கள். ஆபீஸ் அறையிலிருந்து நாலு பேர் தலையில் விளக்கும் தோளில் கயிறுமாக இறங்கி ஓடினார்கள். கொண்டையம்மா சாட்சி சொன்னார்கள், உயரம், வழுக்கை, காவிக் கலர் ஸ்வெட்டர், அந்த யானைக்கல் பக்கம் தனியா நின்னுக்கிட்டிருந்தார், அப்பவே எனக்கு மனசு சரியில்ல என்று. அரசியல் பேசினவரும் ஆமாம் என்றார். அப்புறம் ஒலிபெருக்கி பேசியது. உள்ளேயும் கேட்டது, வெளியேயும் கேட்டது. "இருபத்து நாலாம் நம்பர் பயணி, லிப்ட் மெக்கானிக் ஐயா, நீங்கள் எங்கிருந்தாலும் அங்கேயே நிற்கவும். ஆட்கள் வருகிறார்கள். பயப்பட வேண்டாம். உங்கள் மனைவி வாசலில் காத்துக்கொண்டிருக்கிறார்."

அப்போதே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். தெரியும். வாயைத் திறந்தேன், வரவில்லை, அது ஒன்று. இன்னொன்றும் இருக்கிறது, உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. நாலு மாதமாகப் பார்க்கிறவர்கள் எல்லாரும் மறக்கப் பாரு, மறக்கப் பாரு என்றார்கள். நீங்களும் சொன்னீர்கள். இங்கே முன்பின் தெரியாத ஆட்கள் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி அவரைத் தேடுகிறார்கள். ஒருத்தன் சகதியாக மேலே வந்து, வடக்கு மூலை பூரா பாத்தாச்சு, தெற்கேயும் ஒரு தடவை பாத்துடறேன், கவலைப்படாதீங்கம்மா என்று சொல்லிவிட்டு மறுபடியும் இறங்கினான். கொண்டையம்மா என் தலையைத் தடவிக்கொடுத்தார்கள். முட்டிவலிக்காரர் சம்சாரம் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். ஒலிபெருக்கி அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, பயப்பட வேண்டாம், பயப்பட வேண்டாம் என்று. அன்றைக்கு அவர் தரையில் கிடந்தபோது ஒருவரும் அவரிடம் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கையில் கொதிக்கிற பாத்திரத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பலகைக்காரர் ஒரு படிவத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். காணாமல் போனவர் உயரம், நிறம் கேட்டார். என் காதுவரை என்றேன். வழுக்கைன்னு அந்தம்மா சொன்னாங்களே என்றார். இல்லை, நிறைய முடி என்றேன். எழுதினதை அடித்தார்.

"கடைசியா எந்த இடத்துலம்மா பாத்தீங்க?"

"சமையக்கட்டு வாசல்ல."

அவர் பேனாவை நிறுத்திவிட்டு, குகையில அப்படி ஒரு கல்லு இல்லையேம்மா என்றார். எங்க வீட்டுச் சமையக்கட்டு என்றேன். எப்போது என்றார். நாலு மாசம் ஆச்சு, வெந்நீர் கேட்டுக்கிட்டு நின்னார் என்றேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். கீழ போன பசங்களைக் கூப்பிட்டுடறேன் என்று எழுந்து போனார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதிருக்கலாம்.

குடைக்காரர் திட்டினார், அவர் பஸ் நேரம் அவருக்கு. சரி, அந்த டோக்கனை எடுத்துப் போட்டுட்டு எங்களை விடுங்க என்றார். பலகைக்காரர் முடியாது என்றார். பல வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர், நண்பர் மேலே வந்திருப்பார் என்று நினைத்து அவர் டோக்கனையும் சேர்த்து எடுத்துவிட்டார். நண்பர் இரண்டு நாள் உள்ளேயே கிடந்தார். அதிலிருந்து சட்டம். நோட்டில் உள்ளே நாற்பத்தொன்று என்று மையில் எழுதியாயிற்று, வெளியே நாற்பத்தொன்று வர வேண்டும், வராமல் கேட்டைப் பூட்டக் கூடாது. இல்லாத ஆள் எப்படிய்யா வெளிய வருவார் என்றார் குடைக்காரர். உள்ள போனதா எழுதினா வெளிய வந்துதான் ஆகணும் என்றார் பலகைக்காரர். இருவரும் குடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசிக்கொண்டே இருந்தார்கள். நாற்பது பேர் பசியோடு நிற்கிறார்கள். கடைசியில் நான்தான் எழுந்து சொன்னேன்.

"அவருக்குப் பதிலா நான் ஒரு தடவை உள்ள போய்ட்டு வந்துடறேன். போதுமா?"

பலகைக்காரர் நோட்டைப் புரட்டினார். அப்படிப் போகக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. ஆனால் தனியாகப் போகக் கூடாது, துணை வேண்டும். விளக்கடிக்கிற ஆள் டூட்டி முடிந்து போய்விட்டார். கயிற்று ஆட்கள் குளிக்கப் போய்விட்டார்கள். பலகைக்காரரே வர வேண்டியதாயிற்று. முதல் படியிலேயே தெரிந்துவிட்டது எனக்கு, மனுஷன் நடுங்குகிறார். பத்தொம்பது வருஷமா வாசல்லயே உக்காந்திருக்கேன், உள்ள வந்ததில்லம்மா என்றார். ஏன் என்றேன். எல்லாரும் உள்ள போனா யாரும்மா எண்ணுறது என்றார். பத்துப் படி இறங்கியதும் அலறி அடித்துக்கொண்டு திரும்ப மேலே ஓடினார். என்னவென்று பார்த்தால், அவருக்கு டோக்கன் மாட்டவில்லையாம். நாற்பத்து இரண்டை எடுத்து மாட்டிவிட்டு, நோட்டில் ஒரு வரி சேர்த்துவிட்டு வந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் இறக்கிக்கொண்டு போனேன்.

கூட்டமில்லாமல் இறங்கினபோதுதான் பார்த்தேன் அண்ணி. யானை இருக்கிறது. தும்பிக்கை, காது எல்லாம் இருக்கிறது. இடுப்பில் குழந்தையோடு அந்த அம்மாவும் இருக்கிறாள். எல்லாம் சொட்டுச் சொட்டாக விழுந்து உண்டானதாம், ஒரு விரல் நீளத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆகுமாம். கீழே தொங்கவிட்ட கம்பி எங்கே போகிறது, விளக்குக்கு எங்கிருந்து கரண்டு எடுத்திருக்கிறான் என்று அவர் பார்த்திருப்பார். நான் அவருக்காக அதையும் பார்த்தேன். இணைப்பு ஒன்று டேப் பிரிந்து தொங்குகிறது, பலகைக்காரரிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பெரிய கூடத்துக்கு வந்ததும், விளக்கை அணைங்க என்றேன். வேண்டாம்மா என்றார். ஒரு நிமிஷம் என்றேன். அணைத்தார். என் கையை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அங்கே சொன்னேன். அந்த வார்த்தையைச் சொன்னேன், உரக்க, முழுசாக. இங்கே எழுதலாம் என்று பேனாவை வைத்தால் எழுத வரவில்லை, மன்னிக்கவும். ஒரு தும்மலை மூன்று தும்மலாக்குகிற குகை, இதை மட்டும் திருப்பிச் சொல்லவில்லை. வாங்கி வைத்துக்கொண்டது. பலகைக்காரர், சரிம்மா, லைட்டைப் போடலாமா என்றார்.

மேலே வந்தோம். வாசலுக்கு வெளியே வந்து, இருபத்து நாலை நானே ஆணியிலிருந்து எடுத்தேன். கனமே இல்லை. பெட்டியில் போட்டேன், மற்றவற்றின்மேல் விழுந்து சத்தம் கேட்டது. அவர் நாற்பத்து இரண்டை எடுத்தார். நோட்டில் கூட்டிப் பார்த்து, சரியா இருக்கு என்று கையெழுத்துப் போட்டார். பஸ்ஸில் என் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, முட்டிவலிக்காரரைக் கூப்பிட்டு இருபத்து நாலில் காலை நீட்டச் சொன்னேன். கொண்டையம்மா வழியெல்லாம், ஒவ்வொரு ஊர் வரும்போதும் என் பக்கம் திரும்பி, அப்ப எங்கிட்ட உப்பு கேட்டது யாரு என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

இவ்வளவும் எதற்கு எழுதுகிறேன் என்றால், குகையில் சொன்னது குகையோடு போயிற்று. மனசு மாறியது என்று நினைத்து நீங்கள் சாதாரணமாக நடந்து வந்துவிடக் கூடாது. நேற்று சலூன்காரர், என்னம்மா ஐயா வந்துட்டாரா என்றார். மேலே, வெளிச்சத்தில், ஒரு ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. அடுத்த மாசம், இப்ப அண்ணி மட்டும் வர்றாங்க என்றேன். அப்படியா, கால் தேவலையா என்று அக்கறையாகக் கேட்டார். ஆகையால் நொண்டவும். முட்டிவலிக்காரர் நடையை மூன்று நாள் பார்த்திருக்கிறேன். முதலில் மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும், அப்புறம் காலைப் போட வேண்டும், போட்டபிறகு வானத்தைப் பார்க்க வேண்டும். இனி எந்த ஊருக்கும் என்னைப் போகச் சொல்லாதீர்கள், சுற்றிப் பார்த்தவரைக்கும் போதும்.

உங்கள் வீட்டில் சின்னவர்களுக்கு என் ஆசியும் பெரியவர்களுக்கு என் கும்பிடும். மருமகளைக் கேட்டதாகச் சொல்லவும், கோபித்துக்கொண்டு போனதாக நான் சொன்னதைச் சொல்ல வேண்டாம். கேபிள்காரருக்கும் என் நன்றி. உங்களுக்கு ஒரு குறையும் வராமல், இரண்டு காலும் திடமாக, நூறு வயசு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி வீட்டுக்காரி

பின்குறிப்பு: இதைச் சலூன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பேனா சலூன்காரருடையது. தபால் பெட்டி இந்தக் கடைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கடிதத்தைப் போட வந்தேன். அண்ணியோட கால் எப்படிம்மா என்று கேட்டார். அண்ணிக்குக் கால் உடையவே இல்லைங்க என்றேன். அதற்குமேல் நிறுத்த முடியவில்லை. "அவர் செத்துப் போயிட்டார்" என்றேன். நாற்காலியில் ஒருத்தர் பாதி முகத்தில் சோப்போடு இருந்தார், அவர் எழுந்து நின்றுவிட்டார். சலூன்காரர் கத்தியை வைத்துவிட்டு, "தெரியும்மா. அன்னிக்கு நானும் வந்தேன், மாடிப்படியில கடைசியா நின்னேன், நீங்க பாக்கல" என்றார். அப்புறம் ஏங்க வாரா வாரம் கேட்டீங்க என்றேன். "நான் எங்கம்மா முதல்ல கேட்டேன். மறுவாரம் பால் வாங்க வந்த நீங்களாத்தான் நின்னு, அக்காவுக்குக் கால் உடைஞ்சுது, பாத்துக்கப் போயிருக்கார்னு சொன்னீங்க. ஊருக்குப் போயிருக்கார்னு ஒருத்தங்க சொன்னா, வந்துட்டாரான்னு கேக்காம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார். தாள் வேறு இல்லாததால் மேலே எழுதினதைக் கிழிக்கவில்லை. நீங்கள் நொண்ட வேண்டாம் அண்ணி. நேராகவே நடந்து வாருங்கள்.